ஊரில் இருப்பதா, கிளம்புவதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதுரையில் அப்பா கட்டிய சொந்த வீட்டில் இருக்கிறோம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் எனக்குக் கையில் வருவது 42,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 16,000 வாங்குகிறார். பெங்களூருவில் கையில் 78,000 வரும்படி வேலை கிடைத்திருக்கிறது. அங்கே பார்த்து வைத்த வீட்டுக்குப் பராமரிப்பும் சேர்த்து வாடகை 27,000. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நண்பர்கள் போ என்கிறார்கள், அப்பா வேண்டாம் என்கிறார்.
– வாசகர், மதுரை

பதில்: நண்பர்கள் 78,000-ஐ 42,000-உடன் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது குடும்ப வருமானத்தை. மதுரையில் இருவர் சம்பளமும் சேர்த்து 58,000, வாடகை கிடையாது. பெங்களூருவில் வாடகை போக மிஞ்சுவது 51,000. முதல் மாதத்திலேயே 7,000 ரூபாய் குறைகிறது. பள்ளிக் கட்டணமும் ஊருக்கு வந்துபோகும் செலவும் இன்னும் கணக்கில் வரவில்லை. உங்கள் மனைவிக்கு அங்கே 20,000 ரூபாயில் வேலை அமைந்தால் கணக்கு 71,000 ஆகிவிடும். ஆக, முடிச்சு இருப்பது அவருடைய வேலையில்தான். அவர் பி.எட். முடித்தவரா, ஆங்கில வழியில் பாடம் எடுக்க முடியுமா என்பதைப் பொறுத்து, அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பள்ளிகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் மார்ச் முதல் மே வரைதான். ஜூலையில் போய் இறங்கினால் ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டிவரும்.

அந்த 78,000 உண்மையிலேயே மாதாமாதம் வருமா என்று பாருங்கள். ஆண்டுத் தொகையில் நிறுவனம் கட்டும் வைப்புநிதிப் (பி.எஃப்.) பங்கு, பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஆண்டு முடிவில் தரும் ஊக்கத்தொகை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது வழக்கம். மாதச் சம்பளச் சீட்டு எப்படி இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போதைய நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடியச் சில மாதங்களே இருந்தால், சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். பணிக்கொடை கைவிட்டுப் போகக் கூடாது. வைப்புநிதியை எடுக்காதீர்கள், புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றுங்கள். மொத்தப் பணிக்காலம் ஐந்து ஆண்டுக்குள் இருக்கும்போது எடுத்தால் வரி உண்டு. அதோடு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டுக் கணக்கும் அறுந்துவிடும்.

பெங்களூருவில் முன்பணம் ஐந்து மாத வாடகையிலிருந்து பத்து மாத வாடகை வரை கேட்பார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிப்பு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே வழக்கம். இரண்டையும் ஒப்பந்தத்தில் தொகையோடு எழுத வையுங்கள்.

மகளின் படிப்புக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கி யோசிக்க வேண்டும். கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாக இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் உங்கள் மகள் உட்காருவாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தனிக் கன்னட வகுப்பு உண்டா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். இங்கே அவள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அதே பள்ளியில் தமிழ் வழியில் தொடர்ந்தால், கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. அதைவிடப் பெரியது, தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி தொடர்ந்திருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் திரும்ப ஒட்டாது. மருத்துவக் கலந்தாய்விலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்கு இருப்பிடச் சான்று அலைச்சல் இல்லை.

இவை எதுவும் போகக் கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல. என்ன விலை கொடுத்துப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திரும்புவதாக இருந்தால் எட்டாம் வகுப்புத் தொடக்கத்துக்குள் திரும்பிவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் வந்து, பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு இரண்டே ஆண்டில் பிள்ளையைத் தயார் செய்வது கொடுமை.

இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் மதுரையில் எத்தனை? காலியிடங்களை எண்ணாதீர்கள், நிறுவனங்களை எண்ணுங்கள். இலந்தைக்குளம், வடபழஞ்சியில் உள்ள எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகங்களையும் சேர்த்தே இரண்டு மூன்றுதான் தேறும் என்றால், ஒருநாள் வேலை போனால் அடுத்த மாதமே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். கையில் வேலையோடு இப்போது போவது அதைவிட நல்லது.

எங்கள் யோசனை: முதல் ஆறு மாதம் நீங்கள் மட்டும் போய் விடுதியில் தங்குங்கள். வார இறுதிக்கு வந்தே பாரத் ஒத்துவராது, அது பகல் வண்டி. தூத்துக்குடி – மைசூரு விரைவு வண்டிதான் இரவில் ஏறி காலையில் இறங்க வசதி. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், பொங்கல், தீபாவளிச் சீட்டை அந்தக் காலையிலேயே போட்டுவிடுங்கள். மனைவிக்கு வேலை உறுதியானதும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னை. வேளச்சேரியில் 2006-இல் 22 லட்சத்துக்கு வாங்கிய தரைத்தள அடுக்ககத்தில் இருக்கிறோம். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கணவர் ஓய்வு பெறப் போகிறார். வீட்டை 80 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். விற்றுவிட்டு அவருடைய சொந்த ஊரான திருச்சிக்குப் போகலாமா?
– வாசகி, சென்னை

பதில்: இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தரைத்தளத்தை விட்டு வெளியேறுவது ஒன்று, சென்னையை விட்டு வெளியேறுவது இன்னொன்று. முதலாவதற்கு எங்கள் பதில்: ஆம், வெளியேறுங்கள். அந்தப் பகுதித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கித்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் அந்தப் போக்கே மெதுவாகிவிடும். உங்கள் தெருவில் எவ்வளவு நல்ல வடிகால் போட்டாலும் இது மாறாது. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் உங்கள் வீட்டுத் தரை சாலையைவிடத் தாழ்ந்திருந்தால், ஒரு நாள் கனமழையே போதும்.

இரண்டாவதற்கு அவசரம் வேண்டாம். சென்னையிலேயே மேடான பகுதியில், முதல் தளத்துக்கு மேல் வாடகைக்குப் போவதும் ஒரு வழி. மருத்துவர், உறவு, கோயில், காய்கறிக்காரர் எல்லாம் உங்களுக்கு இந்த ஊரில்தான். திருச்சி கணவருக்குச் சொந்த ஊர், உங்களுக்குப் புது ஊர். இதை அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஓய்வுக்குப் பிறகு ஊர் மாறும் குடும்பங்களில், பழைய நண்பர்கள் உள்ளவர் நன்றாக ஒட்டிக்கொள்வார். மற்றவர் வீட்டுக்குள் முடங்குவார்.

திருச்சியில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஏப்ரல், மே வெயிலும் நவம்பர் மழையும் அந்தக் காலத்துக்குள் வர வேண்டும். திருச்சி முழுக்க மேடு என்று நினைக்க வேண்டாம். 2005 வெள்ளத்தில் கோரையாறு, குடமுருட்டி ஓரப் பகுதிகள் மூழ்கின. வீடு வாங்க ஏப்ரலில் போகாதீர்கள், மழை கொட்டும் வாரத்தில் போங்கள். பக்கத்துச் சுவர்களில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருமுனை மளிகைக் கடையில் விசாரித்தால் தரகர் சொல்லாததும் தெரியும்.

பணக் கணக்கு: 23.7.2024-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் உங்களுக்கு இரண்டு வழிகளில் எது குறைவோ அதைக் கட்டலாம். விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் காட்டும் விலையேற்றக் குறியீட்டைச் சேர்க்காமல் 12.5 சதவீதம் என்றால், 58 லட்சம் லாபத்துக்கு 7.25 லட்சம். குறியீடு சேர்த்தால், 2006–07-க்கு 122, 2025–26-க்கு 376. உங்கள் 22 லட்சத்தை 122-ஆல் வகுத்து 376-ஆல் பெருக்க, வாங்கிய விலை 67.8 லட்சமாகக் கணக்கிடப்படும். லாபம் 12.2 லட்சம், 20 சதவீதம் வரி 2.44 லட்சம், செஸ் தனி. ஆகவே 12.5 என்ற சின்ன எண்ணைப் பார்த்து அந்த வழியில் கட்டிவிடாதீர்கள். லாபத்தொகையில் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ இந்த வரியும் கிடையாது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வாங்கி முடிக்காவிட்டால், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு தொடங்கிப் பணத்தை அதில் போட வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது. சாதாரண வைப்பில் போட்டுவிட்டு விலக்கைக் கேட்டால் கிடைக்காது. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 80,000 ரூபாய் பிடித்துக் கட்டுவார். அது உங்கள் வரிக் கணக்கில் வரவாகும்.

திருச்சியில் 55 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், 4.95 லட்சம். தரகு இரு பக்கமும் தனி. பிடிக்காமல் ஓராண்டில் விற்றுத் திரும்பினால் இந்தப் பணம் திரும்பாது. வாடகைக்கு இருந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அதுவரை வேளச்சேரி வீட்டில் செய்ய வேண்டியவை சில. கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வருவதுதான் பெரிய கேடு. தெரு இணைப்புக்கு முந்தைய தொட்டியில் ஒருவழி வால்வு போடச் சொல்லுங்கள். மின் அளவிப் பெட்டியை 2015 தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அடி மேலே ஏற்றுங்கள். நிலத்தடித் தொட்டியின் வாயையும் அப்படியே உயர்த்துங்கள். இல்லையென்றால் வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு வாரம் குடிக்கத் தண்ணீர் இருக்காது. வீட்டுக் காப்பீட்டில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி வெள்ளத்தையும் ஏற்கிறது. காப்பீட்டுத் தொகையைச் சந்தை விலைக்குப் போடாமல், திரும்பக் கட்டும் செலவுக்குப் போடுங்கள். தண்ணீர் புகுந்த காரை மட்டும் கிளப்பிப் பார்க்காதீர்கள், இழப்பீடு மறுக்கப்படும்.

கேள்வி: வயது 71. கணவர் காலமாகிவிட்டார். கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். மகன் சென்னைக்கு வந்துவிடச் சொல்கிறான், வீட்டை அவன் பெயருக்கு எழுதி விற்றுவிடலாம் என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: மகனோடு போங்கள் அம்மா, ஆனால் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளை நல்லவனாக இருக்கும்போதே இதைச் சொல்வது எளிது: “மூன்று மாதம் வந்து இருக்கிறேன், பிறகு பேசலாம்.”

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட்டால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் முறையிட வழி உண்டு. அதற்கு, ‘என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். ‘அன்பின் பேரில்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், கவனம். இன்னும் நல்லது உயில் எழுதுவது. உயிருள்ளவரை அதை எத்தனை முறையும் மாற்றலாம், வீடும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

ஓய்வூதியம் உங்கள் தனிக் கணக்கிலேயே வரட்டும், ஏ.டி.எம். அட்டை உங்களிடமே இருக்கட்டும். உயிர்வாழ் சான்றை ‘ஜீவன் பிரமாண்’ என்ற இணையவழி முறையில் சென்னையிலிருந்தே கொடுக்கலாம். குடும்ப அட்டையை மகன் அட்டையோடு உடனே சேர்க்க வேண்டாம். பெயரை நீக்கித் திரும்பச் சேர்ப்பது வீண் அலைச்சல். போகும்போது மருத்துவரிடம் பழைய சீட்டுகளின் நகல், மாத்திரைகளின் முழுப் பெயர் எழுதிய ஒரு தாள், இரண்டு மாத மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியவை: உங்களுக்கென்று கதவு உள்ள அறை, லிப்ட், கழிவறையில் பிடிமானக் கம்பி, நடந்து போகும் தூரத்தில் ஒரு கோயிலோ பூங்காவோ. பகல் முழுக்க எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில், கீழே இறங்கிப் போக இடம் இல்லையென்றால் கும்பகோணத்துத் தனிமையே மேல்.

பூட்டிய வீட்டில் எரிவாயு உருளை வால்வை மூடி, குளிர்பெட்டியைக் காலி செய்து, மோட்டார் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மின் இணைப்பை மட்டும் ரத்து செய்யாதீர்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, மாதம் ஒருமுறை சன்னல் திறந்து குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள். மரச்சட்டங்களில் கரையான் ஏறினால் அப்போதுதான் தெரியும்.

கேள்வி: கோவையிலிருந்து குடும்பத்தோடு ஹைதராபாத் போவது முடிவாகிவிட்டது. எந்தப் பேப்பரை முதலில் மாற்றுவது?
– வாசகர், கோவை

பதில்: பள்ளி மாற்றுச் சான்றிதழ்தான் முதலில். வேறு மாநிலம் என்பதால் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள், அதை வாங்கிய பிறகே ஊரை விட்டுக் கிளம்புங்கள். எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து, பழைய முன்பணத்தையும் மாற்றுச் சீட்டையும் வாங்குங்கள். முதலில் தந்த இணைப்புச் சீட்டு தொலைந்திருந்தால் இப்போதே தேடுங்கள். வண்டிக்கு, கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று எடுக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். மறுபதிவு முடிந்ததும் இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். யாரும் தேடிவந்து தரமாட்டார்கள், விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, அங்கே முகவரிச் சான்று கிடைத்த பிறகு.