வெளியே மழை, உள்ளே வியர்வை: எந்த ஜாக்கெட்?

தினமும் 40 நிமிடம் சைக்கிளில் வேலைக்குப் போவதாகவும், மழை ஜாக்கெட் போட்டும் வியர்வையில் நனைந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்று மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள்; அந்த அளவை மட்டும் பார்த்து வாங்கினால் அப்படித்தான் ஆகும். 10,000 மி.மீ. போதும். அதற்கு மேல் போகும் காசைக் காற்றோட்டத்துக்குச் செலவழியுங்கள். முதலில் அக்குளில் ஜிப் இருக்கிறதா பாருங்கள். வியர்வை ஆவியை வெளியே விடும் 'மூச்சுவிடும்' துணி என்ற விளம்பரத்தைவிட எனக்கு உதவியது அதுதான். தையல்களில் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், பளிச்சென்ற மஞ்சள் நிறம் பகலுக்குத்தான். இரவில் வண்டி வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டைதான் கண்ணில் படும். முதுகுப் பை மாட்டினால் முதுகுப் பட்டை மறைந்துவிடும் (நானும் தாமதமாகத்தான் கவனித்தேன்), அதனால் கைகளிலும் இருக்கட்டும். கணுக்காலிலும் ஒன்று கட்டுங்கள். மிதிக்கும்போது மேலும் கீழும் அசைவதால் வருவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும்.