வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்

வணக்கம் சார்,

ஒபாமாகேர் என்கிற, அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மேலான வழக்கு பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். வழக்கின் பெயரிலேயே ‘செபீலியஸ்’ என்று ஒருவர் வருகிறார். யாரென்று தேடினால், 2013-இல் அந்தக் காப்பீட்டுக்குப் பதிவதற்கான அரசு இணையதளம் படுத்துக்கொண்ட கதைதான் முதலில் வந்து நிற்கிறது. அதற்கு முன் கன்சாஸில் ஆறு வருடம் கவர்னராக இருந்தாராம். ஒரு மாநிலத்தையே ஆண்டவர் இன்னொருவருக்குக் கீழே சுகாதார அமைச்சராக ஏன் போனார்? கடைசியில் ஒரு வெப்சைட்டைக்கூட ஒழுங்காகக் கொண்டுவர முடியவில்லையே, தோற்றுப்போனவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்கக் கவர்னர் நம் ராஜ்பவன் ஆளுநர் இல்லை. தேர்தலில் ஜெயித்து வருபவர், நம் கணக்கில் முதலமைச்சர். அதனால் ‘ஏன் போனார்’ என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் கேத்லீன் செபீலியஸைப் புரிந்துகொள்ள, கவர்னர் பதவிக்கும் முன்னால் அவர் வகித்த ஒரு பதவியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1994-இல் அவர் கன்சாஸின் காப்பீட்டு ஆணையர் தேர்தலில் நின்றார். யாரும் திரும்பிப் பார்க்காத பதவி. நூறு வருடத்துக்கு மேலாக அவருடைய ஜனநாயகக் கட்சி அதை ஜெயித்ததே இல்லை. காப்பீட்டு நிறுவனங்களிடம் தேர்தல் நிதி வாங்க மாட்டேன் என்று சொல்லி ஜெயித்தார். அந்த நிறுவனங்களைக் கண்காணிப்பதுதான் அந்தப் பதவியின் வேலையே. அவர்களிடமே காசு வாங்கித் தேர்தலில் நிற்பது அதுவரை யாருக்கும் உறுத்தவில்லை!

அப்புறம் வந்தது பெரிய சோதனை. மாநிலத்தின் முக்கிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான கன்சாஸ் புளூ கிராஸை, இண்டியானாவைச் சேர்ந்த ஆன்த்தம் வாங்க வந்தது. விற்பவர்களுக்கும் சம்மதம், வாங்குபவர்களுக்கும் சம்மதம். நடுவில் ஆணையரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பிரீமியம் ஏறும், பாதிக்கப்படப்போவது கன்சாஸ்காரர்கள் என்று சொல்லி 2002-இல் அவர் போட மறுத்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்த ஆண்டு அதுவும் அவர் முடிவு செல்லும் என்றது. அதற்குள் அவர் கவர்னராகிவிட்டார்.

கவர்னராகவும் அவர் கையில் அதிகம் உழைத்தது, மசோதாக்களை ரத்து செய்யும் வீட்டோ பேனாதான். சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. கருக்கலைப்புக்குக் கட்டுப்பாடுகள் போடும் மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். ஹோல்கம் என்ற ஊரில் நிலக்கரி மின் நிலையங்கள் கட்ட அனுமதி தரும் மசோதா 2008-இல் திரும்பத் திரும்ப வந்தது, இவரும் திரும்பத் திரும்ப ரத்து செய்தார். 2009 ஏப்ரல் கடைசியில் அவர் வாஷிங்டனுக்குக் கிளம்பினார். அவருடைய துணைக் கவர்னராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர் ஒரு வாரம்கூட முடியவில்லை, மின் நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டார். ஒரே ஆளின் ‘வேண்டாம்’ எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஏன் போனார்? கன்சாஸில் கவர்னர் தொடர்ந்து இரண்டு முறைதான் இருக்கலாம். இன்னும் இரண்டு வருடத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும். அங்கே வாஷிங்டனில், சுகாதார அமைச்சர் பதவிக்கு ஒபாமா முதலில் தேர்ந்தெடுத்திருந்த டாம் டாஷல் வரிப் பிரச்சினையில் சிக்கி விலகியதால் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. எட்டு வருடம் காப்பீட்டு நிறுவனங்களோடு மல்லுக்கட்டியவருக்கு, நாடு முழுவதும் காப்பீட்டை மாற்றி எழுதும் வேலை. யார்தான் வேண்டாம் என்பார்கள்? பதவியேற்ற அன்றே பன்றிக் காய்ச்சல் வாசலில் நின்றது.

அந்த நாற்காலியிலும் பழைய பழக்கம் போகவில்லை. 2011 டிசம்பரில், கருத்தடைக்கான அவசர மாத்திரையை எந்த வயதினரும் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று உணவு மருந்து நிர்வாகம் முடிவெடுத்தது. செபீலியஸ் கூடாது என்று தடுத்துவிட்டார். ஒரு சுகாதார அமைச்சர் அந்த நிர்வாகத்தின் முடிவை வெளிப்படையாகப் புறந்தள்ளியது அதுவே முதல் முறை. எனக்கு அவரிடம் பிடிக்காத இடம் இது. ஆன்த்தத்திடம் மறுத்தபோது அவர் பக்கம் கணக்கு இருந்தது, இங்கே கணக்கு விஞ்ஞானிகள் பக்கம் இருந்தது. 2013-இல் ஒரு நீதிபதி அந்தத் தடையை உடைத்தார்.

இனி நீங்கள் கேட்ட வெப்சைட். மக்கள் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு வாங்கும் சந்தையை ஒவ்வொரு மாநிலமும் தானே நடத்தும் என்றுதான் சட்டம் எதிர்பார்த்தது. பல மாநிலங்கள் கைகழுவிவிட்டன. கடைசியில் 36 மாநிலங்களின் சுமை ஒரே தளத்தின் தலையில் விழுந்தது. கைகழுவிய மாநிலங்களில் கன்சாஸும் ஒன்று. இந்த வேலைக்கென்று கிடைத்த 3.15 கோடி டாலரை 2011-இல் அங்கிருந்த கவர்னர் சாம் பிரௌன்பேக் திருப்பி அனுப்பினார். இவர் துறை கொடுத்த பணம், இவர் சொந்த மாநிலமே வேண்டாம் என்றது. 2013 அக்டோபர் 1 அன்று தளம் திறந்தது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறு பேர். ஆறாயிரம் இல்லை, ஆறு.

பதவி விலகு என்று குரல் கொடுத்தவர்களில் கன்சாஸ் செனட்டர் பாட் ராபர்ட்ஸும் உண்டு. செபீலியஸின் மாமனார் கீத் செபீலியஸ் குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவரிடம் உதவியாளராக வேலை பார்த்து, பிறகு அந்தத் தொகுதிக்கே வந்தவர் இந்த ராபர்ட்ஸ். அரசியல் குடும்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று செபீலியஸ் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவருடைய அப்பா ஜான் கில்லிகனும் ஒஹையோவின் கவர்னராக இருந்து தோற்றவர்தான். அக்டோபர் 30 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, இந்தக் குளறுபடிக்கு நான்தான் பொறுப்பு என்றார். ஒப்பந்தக்காரர்கள்மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம்.

தோற்றாரா? ஒரு தளத்தைக் கட்டுவதில் தோற்றார், சந்தேகமில்லை. தடுக்கத் தெரிவது வேறு, பல ஒப்பந்தக்காரர்களை மேய்த்து ஒன்றைக் கட்டி முடிப்பது வேறு. முதல் வேலையில் அவர் கெட்டிக்காரர். இரண்டாவதற்கு அவர் அருகில் ஒரு நல்ல எஞ்சினியர் இருந்திருக்க வேண்டும். ஆனால் தளம் சரியாகி, முதல் பதிவுக் காலம் முடிந்தபோது 80 லட்சம் பேர் காப்பீட்டுக்குப் பதிந்திருந்தார்கள். 2014 ஏப்ரலில், அந்த எண்ணிக்கை வெளியாவதற்குச் சில நாள் முன்னால் அவர் விலகலை அறிவித்தார். வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்றார். உரையில் ஒரு பக்கத்தைக் காணோம்.

வழக்கின் பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துறையின் தலைவர் என்பதால்தான் அவர் பெயர் அதில் வந்தது. 2012-இல் அந்தத் தீர்ப்பு சட்டத்தைக் காப்பாற்றியது. கூடவே, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்றும் ஆக்கிவிட்டது. கன்சாஸ் விரும்பவில்லை. 2017-இல் அங்கே சட்டமன்றமே மனம் மாறி விரிவாக்க மசோதாவை நிறைவேற்றியது. பிரௌன்பேக் அதை வீட்டோ செய்தார். அதை முறியடிக்கக் கீழவையில் 84 வாக்குகள் வேண்டும், கிடைத்தவை 81.

அன்புடன்.