இறால் ரப்பராவதும் மீன் நீர் விடுவதும் ஏன்?

கேள்வி: பிற நாட்டுக் கடலுணவு வகைகளை வீட்டில் சமைத்துப் பார்க்கிறேன். ஸ்பெயின் நாட்டுப் பூண்டு இறால் ஒவ்வொரு முறையும் ரப்பர்போல் ஆகிவிடுகிறது. சீன முறையில் ஆவியில் வேகவைக்கும் முழு மீன் தட்டில் தண்ணீரில் மிதக்கிறது, கவிச்சியும் போவதில்லை. அடுத்து பெரு நாட்டுச் செவிச்சே செய்ய ஆசை. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சாப்பிடுவது பாதுகாப்பானதா?

பதில்: உங்களுடைய முதல் இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் தண்ணீர்தான். மீனின் தசைநார்கள் குட்டையானவை. அவற்றைப் பிணைக்கும் திசுவும் மிக மெல்லியது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸிலேயே அதன் புரதம் இறுகத் தொடங்கி, 60 டிகிரியைத் தாண்டியதும் தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகிறது. இறாலும் ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே மேற்பரப்பில் இருக்கும் நீரைச் சமைப்பதற்கு முன்பே அகற்றுவதும், உள்ளே இருக்கும் நீர் வெளியேறுமுன் அடுப்பை அணைப்பதும் முக்கியம். மசாலாவின் அளவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பூண்டு இறாலில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, உறைந்த இறாலை அரைகுறையாக உருகவைத்து, ஈரத்தோடு, ஒரே நேரத்தில் வாணலியில் கொட்டுவது. எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, இறால் வதங்குவதற்குப் பதிலாகத் தானே விட்ட நீரில் வேகத் தொடங்கும். அந்த நீர் வற்றட்டும் என்று காத்திருக்கும் சில நிமிடங்களில்தான் அது ரப்பராகிறது. முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மேலோட்டையும் குடலையும் நீக்கிய 500 கிராம் இறாலில் அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் பிசறி, 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். சோடா இறாலின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் புரதம் அளவுக்கு மீறி இறுகுவதில்லை. இது ஸ்பெயினில் வழங்கும் முறையன்று, சீனச் சமையலறைகளின் உத்தி. ஆனாலும் இங்கே நன்றாகவே பலனளிக்கிறது.

மெல்லிய வில்லைகளாக நறுக்கிய பூண்டைச் சூடேறாத ஆலிவ் எண்ணெயில் இட்டு, சிறுதீயில் தொடங்குங்கள். பூண்டின் ஓரம் வெளிர்பொன் நிறம் கொள்ளும்போது காய்ந்த மிளகாயைச் சேர்த்து, தீயைக் கூட்டி, இறாலை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யலாம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். இறால் பிறைபோல் வளைந்திருந்தால் அதுவே பதம்; தலைப்பக்கமும் வாலும் தொட்டு வளையமாகச் சுருண்டுவிட்டால் பதம் கடந்துவிட்டது என்று பொருள். நடுவில் சற்றே கண்ணாடிபோல் தெரியும்போதே இறக்குங்கள், மீதியை எண்ணெயின் சூடு பார்த்துக்கொள்ளும்.

இனி மீனுக்கு வருவோம். கவிச்சிக்குப் பெரும்பகுதிக் காரணம் முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் கிடக்கும் கருஞ்சிவப்பு இரத்தக் கோடு. கடையில் சுத்தம் செய்து தந்திருந்தாலும் கத்தி முனையால் அந்தச் சவ்வைக் கீறி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு உப்பைத் தடவி 15 நிமிடம் வைத்தால் மேலே முத்து முத்தாக நீர் கசியும். நாற்றம் தரும் சேர்மங்களில் ஒரு பகுதி அதோடு வெளியேறுவதால் அதைத் துடைத்துவிட வேண்டும். ஜப்பானியர்கள் மீனைச் சுடுமுன் செய்வதும் இதையேதான்.

மீனைத் தட்டில் நேரடியாகக் கிடத்தாமல், வெங்காயத்தாள் தண்டுகளைக் குறுக்கே பரப்பி அவற்றின்மேல் வையுங்கள்; அப்போதுதான் அடிப்பக்கமும் ஆவி படும். பாத்திரத்து நீர் தளதளவென்று கொதித்த பின்னரே தட்டை உள்ளே வைக்க வேண்டும். 600 கிராம் எடையுள்ள முழு மீனுக்கு 8 முதல் 10 நிமிடம் ஆகும். தட்டில் தேங்கியிருக்கும் நீரைச் சாறு என்று எண்ணிச் சேமித்த காலம் எனக்கும் உண்டு. கவிச்சி அத்தனையும் அதில்தான் இருக்கிறது, வடித்துக் கொட்டிவிடுங்கள். இஞ்சியையும் வெங்காயத்தாளையும் புதிதாக நறுக்கித் தூவி, நன்கு காய்ந்த எண்ணெயைச் சுர்ரென்று மேலே ஊற்றிய பிறகு, சோயா சாஸைத் தட்டின் ஓரமாக விடுங்கள்.

வெந்ததா என்று அறிய, தடித்த பகுதியில் மெல்லிய கத்தியைச் செருகிப் பாருங்கள். சதை எலும்பை விட்டு எளிதாகப் பிரிய வேண்டும். வெப்பமானி இருந்தால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கூறும் அளவு 63 டிகிரி. இதற்குச் சில டிகிரி முன்னதாகவே நிறுத்தினால் மீன் இன்னும் மென்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் உண்பதாக இருந்தால் அந்த ஆசை வேண்டாம்.

செவிச்சேயைப் பொறுத்தவரை என் பதில் சற்றுக் கறாரானது. எலுமிச்சைச் சாறு மீனின் புரதத்தை வெண்மையாக்கி, வெந்ததுபோன்ற தோற்றத்தைத் தருமே தவிர, அனிசாகிஸ் போன்ற ஒட்டுண்ணிப் புழுக்களையோ கிருமிகளையோ நம்பகமாக அழிக்காது. ஒட்டுண்ணிகளுக்கு எதிராக மேற்சொன்ன அமெரிக்க நிர்வாகம் கூறும் வழிகளுள் ஒன்று, மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைப்பது. வீட்டு ஃப்ரீசர்கள் பொதுவாக மைனஸ் 18 டிகிரி அளவிலேயே இயங்குகின்றன. பாக்டீரியாவோ அந்தக் குளிரிலும் பிழைத்துக்கொள்ளும். எனவே பச்சையாக உண்பதற்கென்றே உறையவைத்து விற்கப்படும் மீன் கிடைத்தாலொழிய, இதை வீட்டில் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். பெருவின் செவிச்சே மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் அந்தப் பெருமை நம் ஃப்ரீசரைக் குளிரவைக்காது.

அண்டை நாடான எக்வடோரில் வேகவைத்த இறாலிலும் செவிச்சே செய்கிறார்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்கலாம். உப்பிட்ட கொதிநீரில் இறாலை இட்டு, பிறை வடிவம் கொண்டதும் எடுத்து, உடனே பனிக்கட்டி நீரில் போட்டு நன்கு ஆறவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறுகளோடு தக்காளி, சிவப்பு வெங்காயம், கொத்தமல்லி ஆகியவற்றைக் கலந்து, இறாலைச் சேர்த்து ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். எலுமிச்சையைக் கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம்; தோலின் கசப்பு சாற்றில் இறங்கிவிடும்.