முற்றுகைக்குள் ஒரு தீவு: மால்டா மக்களின் போர்க்கால நினைவுகள் பற்றிய கேள்வி பதில்

வேலூரில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் மால்டா தீவின் பொதுமக்கள் வாழ்ந்த வாழ்க்கை குறித்து நம் வட்டார வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

காட்பாடி, கல்லூரி மாணவி: ஐயா, அவ்வளவு சிறிய தீவை ஏன் முற்றுகையிட்டார்கள்?

பதில்: மால்டா, மத்தியதரைக் கடலில், இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, வேலூரிலிருந்து சென்னைக்குள்ள தூரத்தைவிட அது குறைவு. பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த அத்தீவிலிருந்து, வட ஆப்பிரிக்காவில் போரிட்ட இத்தாலிய, ஜெர்மானியப் படைகளுக்குச் சரக்கு கொண்டுசென்ற கப்பல்களைத் தாக்க முடிந்தது. 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போர் அறிவித்தது. மறுநாள் காலையிலேயே தீவின்மேல் குண்டுகள் விழுந்தன. சுமார் 2,70,000 மக்களுக்கான உணவில் பெரும்பகுதி கப்பலில்தான் வரவேண்டியிருந்தது என்பதால், கடல்வழி அடைபட்டதே முற்றுகையாயிற்று.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்: குண்டுவீச்சின்போது மக்கள் எங்கே தங்கினார்கள்?

பதில்: முதலில் பழைய இரயில் சுரங்கப்பாதையிலும் கோட்டைகளின் நிலவறைகளிலும் ஒண்டினார்கள், பிறகு பாறையைக் குடைந்தார்கள். அங்குள்ள பாறை நம் வேலூர் மலைகளின் கருங்கல்லைப் போன்றது அன்று, கைக்கோடரிக்கு இணங்கும் மென்மையான சுண்ணாம்புக்கல். 1941 ஜனவரியில், சேதமடைந்து துறைமுகத்தில் நின்ற ‘இல்லஸ்ட்ரியஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் குறிவைத்த குண்டுகள் அருகிலிருந்த செங்லியா முதலிய ஊர்களைச் சிதைத்தபின், ஆயிரக்கணக்கானோர் உள்நாட்டுச் சிற்றூர்களில் உறவினர் வீடுகளிலும் அந்நியர் வீடுகளிலும் தஞ்சம் புகுந்தார்கள். சுரங்க வாழ்க்கையை நினைவுகூர்வோர் திரும்பத் திரும்பச் சொல்வது ஈரத்தையும் நெரிசலையும்தான்: சுவரில் கசியும் நீர், பலர் மூச்சும் கலந்த காற்று, சொறிசிரங்கு, மாடத்தில் வைத்த மாதா படத்தின் முன் உரத்த குரலில் சொல்லப்பட்ட ஜெபமாலை. வெடிச்சத்தத்தைக் குழந்தைகள் கேட்காதிருக்கவே அவ்வளவு உரக்கச் சொன்னார்களோ என்று எனக்குத் தோன்றும்.

குடியாத்தம், நெசவாளர் குடும்பத்துப் பெண்: என்ன சாப்பிட்டார்கள்? அடுப்பு எரிந்ததா?

பதில்: அம்மா, நான் முதலில் பதில் சொல்ல விரும்பிய கேள்வி இதுதான். மால்டாவின் ஏழை எளியவர்களுக்கு ரொட்டியே சோறு. 1942 மே மாதம் அந்த ரொட்டி ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தரை அவுன்ஸ், அதாவது சுமார் 300 கிராம், என்று குறைக்கப்பட்டது. கூடச் சேர்த்துக்கொள்ள எண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி ஏதேனும் தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்த அளவு போதியிருக்கும். அவையும் அளந்தே கிடைத்தன. போருக்கு முன் வீட்டு வாசலுக்கே ஆடுகளை ஓட்டிவந்து பால் கறந்து கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. தீவனம் இல்லாமற்போகவே அந்தப் பால் ஆடுகளில் பல இறைச்சிக்கு வெட்டப்பட்டன. மண்ணெண்ணெய்க்கும் பங்கீடு வந்ததால், இடிந்த வீடுகளின் மரச்சட்டங்களைப் பொறுக்கி எரித்தார்கள்.

1942 ஜனவரியில் லியா என்னும் ஊரில் முதல் ‘வெற்றிச் சமையலறை’ திறக்கப்பட்டது. பங்கீட்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, ஆறு பென்ஸ் கட்டினால் ஒருவேளைச் சமைத்த உணவு கிடைக்கும். நெசவு முடங்கிய நாட்களில் நம் பக்கம் திறக்கப்பட்ட கஞ்சித் தொட்டியோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் இது இலவச உதவியாக அமையவில்லை, எரிபொருளை மிச்சப்படுத்தவே ஊருக்கொரு பொது அடுப்பு மூட்டப்பட்டது. பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர்கள் அந்த ஆட்டுக்கறிக் குழம்பை அன்றும் ஏசினார்கள், ஐம்பது ஆண்டு கழித்தும் ஏசினார்கள். அந்த ஏச்சை நான் மதிக்கிறேன். 1942 ஏப்ரலில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுமைக்கும் வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருது வழங்கியபோது, அதைப் பெற்ற மக்கள் பசியோடுதான் இருந்தார்கள்.

ராணிப்பேட்டை, பொறியாளர்: இத்தகைய நினைவுகளை எவ்வளவு நம்பலாம்?

பதில்: தேதிக்கும் எண்ணிக்கைக்கும் ஆவணத்தைப் பாருங்கள், வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு நினைவைக் கேளுங்கள். 1942 ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்தே தீவை அடைந்தன. அவற்றுள் கடைசியாக, ‘ஒஹாயோ’ என்ற எண்ணெய்க் கப்பல், மூழ்கிவிடாதபடி இருபுறமும் போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடிக்க, மாதாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15 அன்று துறைமுகம் சேர்ந்தது. அன்றோடு பசி தீர்ந்ததென்று பலர் நினைவில் பதிந்திருக்கிறது. உண்மையில், நவம்பரில் அடுத்த கப்பல் தொகுதி வந்தபின்தான் முற்றுகை தளர்ந்தது. பசி தீர்ந்த நாளைத் தவறாகச் சொல்பவர், கரையில் நின்று அழுததைத் தவறாகச் சொல்லவில்லை.

ஆற்காடு, வழக்கறிஞர்: நம் மண்ணின் முற்றுகைகளுக்கு இப்படிப்பட்ட நினைவுகள் உண்டா?

பதில்: மிகக் குறைவு. 1751இல் ஆற்காட்டுக் கோட்டை ஐம்பது நாள் முற்றுகையில் இருந்தது. வேலூர்க் கோட்டையை 1780 முதல் ஹைதர் அலியின் படை வளைத்து நின்றது. 1782 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை உணவுப்பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். அகழிக்குள் கஞ்சி காய்ச்சிய பெண் என்ன நினைத்தாள் என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. இந்த இழப்பை எண்ணி நான் வருந்தாத நாளில்லை.

வாலாஜாபேட்டை, இல்லத்தரசி: 1942இல் சென்னையிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடும்பங்கள் ஓடிவந்ததாகத் தொண்ணூறு வயதைக் கடந்த என் பாட்டி சொல்கிறார். அதைப் பதிவுசெய்யலாமா?

பதில்: இந்த வாரமே செய்யுங்கள், அம்மா. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு வீசியபின், சென்னை மக்கள் பெருந்திரளாக உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தார்கள். மால்டாவின் மோஸ்டா தேவாலயக் குவிமாடத்தைத் துளைத்து, திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களிடையே விழுந்த குண்டு வெடிக்காமற்போன ஏப்ரல் 9ஆம் நாளும் அதே வாரத்தில்தான் வருகிறது. பாட்டியிடம் போரைப் பற்றிக் கேட்க வேண்டாம். வந்தவர்கள் எந்த அறையில் படுத்தார்கள், விறகை யார் வாங்கினார்கள், ஓரடுப்பில் சமைத்தார்களா, அரிசி எங்கே கிடைத்தது, அவர்கள் திரும்பிப் போனபோது எதை விட்டுச் சென்றார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதுங்கள்.