4 வயதுப் பையனை முதல் தடவையாகப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், எப்படித் தயார்படுத்துவது?

முதலில், "வலிக்காது" என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து விட்டுவிடாதீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நாங்கள் இருப்பது கேரள எல்லையில், குமுளியில். வீட்டில் தமிழ், பையன் போனது மலையாள அங்கன்வாடிக்கு. உங்கள் பையன் வயதில்தான் அவனுக்கு மேல் முன்பற்களில் பழுப்பு விழுந்தது. முதல் நாள் ராத்திரி, "வலிக்கவே வலிக்காதுடா தங்கம்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். யோசித்துவிட்டுக் கேட்டான்: "கயிறு கட்டியாம்மா வலிப்பாங்க?"

ஓணத்துக்கு அங்கன்வாடியில் வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி நடத்தியிருந்தார்கள். மலையாளத்தில் வலிக்கிறது என்றால் இழுக்கிறது. நம் வலிக்கு அங்கே வேதனை. பல்லில் வடத்தைக் கட்டி நாலு பேர் இழுக்கப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டான். போதாக்குறைக்கு என் மாமியார் வேறு, சேட்டை செய்தால் டாக்டர் பல்லைப் பிடுங்கிவிடுவார் என்று எப்போதோ மிரட்டி வைத்திருந்தார். மறுநாள் வயிறு முட்ட இட்லி கொடுத்துக் கம்பம் ஊரில் இருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். லோயர் கேம்ப் மலை இறக்கத்தில் இரண்டு தடவை வாந்தி. அங்கே போனால் நாற்காலியில் ஏறவே மாட்டேன் என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வந்துவிட்டோம்.

சரி, மொழிக் குழப்பம் எங்கள் ஊர்ச் சமாச்சாரம். எந்த ஊரானாலும் "வலிக்காது" என்றால் குழந்தைக்கு "வலி"தான் காதில் நிற்கும். கொஞ்சம் வலித்துவிட்டாலோ, அப்புறம் நம் பேச்சு எடுபடாது.

அடுத்த இரண்டு வாரம் தினமும் ராத்திரி பல் எண்ணினோம். கட்டிலில் படுக்கப் போட்டு, தலையை என் மடியில் வைத்து, டார்ச் அடித்து, ஸ்பூன் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுவேன். பால்பல் மொத்தம் 20. பதினேழு வரும்போது நாக்கு குறுக்கே வந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. பிறகு என் வாயை அவன் எண்ணுவான். என் கடைவாயில் அடைத்த பல்லைப் பார்த்து, "அம்மாவுக்கு ஒரு வெள்ளிப்பல்!" என்று தெருவுக்கே சொன்னான். நாற்காலி மேலே போகும், பெரிய விளக்கு இருக்கும், எச்சிலை உறிஞ்சும் குழாய் உர்ரென்று சத்தம் போடும் என்று நடப்பதை மட்டும் சொன்னேன். ஊசிப் பேச்சை எடுக்கவில்லை. மாமியாரிடமும் கேட்டுக்கொண்டேன்.

போனில் முன்கூட்டியே சொல்லி, காலை நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் பார்க்கும் டாக்டர்கள் முதலில் சொல்வார்கள், பிறகு காட்டுவார்கள், அப்புறம்தான் செய்வார்கள். இவனுக்குக் காற்றுக் குழாயை முதலில் விரல் நகத்தில் அடித்துக் காட்டினார்கள். சிரித்துவிட்டான். அன்றைக்கு எண்ணிப் பார்த்துச் சுத்தம் செய்ததோடு சரி. அடைப்பது அடுத்த தடவை.

பால்பல்தானே, விழத்தானே போகிறது என்று நானும் இருந்தவள்தான். கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. இவனுக்குச் சொத்தை வந்தது ராத்திரிப் பால்பாட்டிலால். பாட்டிலோடு தூங்கும்போது கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, மேலே பால் தேங்கி நிற்கிறது.

உண்மையில் முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், ஒரு வயதுக்கு முன்பே ஒரு தடவை காட்ட வேண்டுமாம். சின்னவளை 11 மாதத்தில் கூட்டிப்போனேன். டாக்டரும் நானும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, அவள் தலையை அவர் மடியில் சாய்த்தோம். இரண்டே நிமிடம். கத்தினாள்தான். கத்தினால் வாய் தானாகத் திறக்கிறது, டாக்டர் அதற்குள் பார்த்து முடித்துவிட்டார்.