இலங்கை மலையகத்தில் நிழல் மரங்களின் கீழ் கோப்பி வளர்த்தால் காடும் பிழைக்குமா, குடும்பமும் பிழைக்குமா?

பிழைக்கும், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கன்று நடும் இடம் ஏற்கெனவே காடு அழிந்து வெறுமையாகக் கிடக்கும் நிலமாக இருக்க வேண்டும். அந்த நிலத்தின் மீது நடுகிறவருக்கு உறுதியான உரிமை இருக்க வேண்டும். முதலாவது இல்லையென்றால் காட்டுக்குப் பயனில்லை, இரண்டாவது இல்லையென்றால் குடும்பத்துக்குப் பயனில்லை. இந்தப் பொருளைப் பற்றி எழுதுபவர்களில் பலர் கோப்பியின் சுவையையும் பறவைகளையும் விரிவாகப் பேசிவிட்டு, இவ்விரண்டையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். நான் பதுளை மாவட்டத்தில், பசறையிலிருந்து மடுல்சீமைக்குச் செல்லும் பாதையை ஒட்டி வசிக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்த என் பெற்றோர் பிற்காலத்தில் கிராமப் பக்கம் வாங்கிய சிறு காணியில் கோப்பி, மிளகு, கமுகு, பலா எல்லாம் கலந்து நிற்கின்றன. அந்த அனுபவத்தையும் சுற்றுவட்டாரத்தில் பார்த்தவற்றையும் வைத்தே எழுதுகிறேன்.

மலையகத்தில் கோப்பி என்றவுடன் ஏதோ புதிய பயிர் வந்துவிட்டதைப் போலப் பலர் பேசுகிறார்கள். நம் முன்னோரை மன்னாரில் இறக்கி மாத்தளை வரை காட்டுவழியே நடக்க வைத்தது கோப்பிதான். தேயிலை அதற்குப் பிறகு வந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே தொடங்கிய பெருந்தோட்டக் கோப்பி, 1870களின் பிற்பகுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல் பரவியிருந்தது. அதில் பெரும்பகுதிக்கு நிழல் கிடையாது. மலைச்சரிவின் காட்டை அடியோடு வெட்டிக் காயவிட்டு, தீ வைத்து, அந்தச் சாம்பல் படிந்த மண்ணில் வரிசை வரிசையாகக் கோப்பியை நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக எங்கள் மடுல்சீமைப் பகுதியில் காணப்பட்டபோது, அது ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் பரவுவதற்கு இடையில் எந்தத் தடையும் மிஞ்சியிருக்கவில்லை. 1880இல் இந்நோயை ஆராய வந்த பிரித்தானியத் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்ட், பூஞ்சையின் வித்திகளைக் காற்று சுமந்து செல்வதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது அதற்கு வசதி செய்துகொடுத்ததையும் எடுத்துக்காட்டினார். அதற்குள் காலம் கடந்திருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களாகிவிட்டன. அதே காலத்தில் கண்டிப் பகுதிக் கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களில் பலா, கித்துள், கமுகு ஆகியவற்றின் கீழே கோப்பி நின்றது. அந்தக் கிராமக் கோப்பியும் ஏற்றுமதியில் கணிசமான பங்கு வகித்தது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கண்ணெதிரே இருந்தும் பின்பற்றாமல் விட்ட முறையைத்தான் இன்று நாம் புதுமை என்ற பெயரில் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதை வைத்து, நிழல் இருந்தால் துரு வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. துருவின் வித்தி முளைப்பதற்கு இலையின் அடிப்புறத்தில் ஈரம் வேண்டும். நிழல் மிக அடர்த்தியானால் இலை காயத் தாமதமாகி நோய் கூடவும் செய்யலாம். மறுபக்கம், நிழல் மரங்கள் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. செடி ஒரே ஆண்டில் அளவுக்கு மீறிக் காய்த்து அடுத்த ஆண்டில் சோர்ந்துபோவதையும் தடுக்கின்றன. அப்படிச் சோர்ந்த செடியைத்தான் துரு எளிதில் பற்றுகிறது. ஆகையால் நிழல் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட எவ்வளவு நிழல், எந்த மாதத்தில் என்பதே பயிர் செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கும்போது, மேலே கிளை விரித்த மரம் இல்லாத கோப்பி இலை கருகித் தொங்குகிறது. அப்போது நிழல் அடர்த்தியாக இருக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் முள்முருக்கையும் கிளிரிசிடியாவையும் கழித்துவிட்டு, வெட்டிய தழையைச் செடியின் அடியில் மூடாக்காகப் போட வேண்டும். இரண்டும் அவரை இனத்து மரங்கள் என்பதால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டு, தேயிலையும் மரக்கறியும் வெளிறிப்போன அந்த மாதங்களில், இத்தகைய கலப்புத் தோட்டங்கள் மற்றவற்றைப் போல் தள்ளாடவில்லை என்பதை இப்பகுதியில் பலரும் கண்டார்கள்.

இனி காட்டைப் பற்றி. நிழலில் வளரும் பயிர் எதுவாயினும் அது காட்டுக்கு நண்பன் என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏலக்காய்க்கு நடந்ததை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஏலம் நிழலை விரும்பும் செடி. ஆகவே பெரிய மரங்களை நிற்கவிட்டு, கீழேயுள்ள புதரையும் இளங்கன்றுகளையும் அகற்றி அதை நட்டார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் காடு பசுமையாகவே தெரிந்தது. ஆனால் மூத்த மரம் விழும்போது அதன் இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை மரம் இல்லை. போதாக்குறைக்கு, காயை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் அதே காட்டிலிருந்து போயிற்று. 2000ஆம் ஆண்டில் அப்பகுதி பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம் ஆகியவற்றுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த அறிவிப்பு பெரும் அடியாகவே விழுந்தது. கோப்பியை இயற்கைக் காட்டின் கீழே நட்டாலும் இதே கதைதான் நடக்கும், முதலில் காடு நலியும், பிறகு சட்டம் வந்து பயிரிட்டவரை வெளியேற்றும். 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்க வேண்டும் என்று 1873இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கொடுத்த ஆலோசனையால்தான் மலை உச்சிகளில் இன்று கொஞ்சமாவது காடு மிஞ்சியிருக்கிறது. அங்கே கோப்பிக்கு வேலை இல்லை.

கோப்பிக்கு உரிய இடம் வேறு. கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிய தேயிலை மலைகள் பதுளையை உள்ளடக்கிய ஊவா மாகாணத்தில் ஏராளமாகக் கிடக்கின்றன. கோடையில் யாராவது தீ வைக்கிறார்கள், மழையில் மேல்மண் ஆற்றுக்குப் போகிறது. அத்தகைய சரிவில் முதலில் வாழையையும் கிளிரிசிடியாவையும் நட்டு, அவற்றின் மறைவில் கோப்பிக் கன்றை ஊன்றி, இடையிடையே பலா, ஆனைக்கொய்யா, தோடை, நாட்டு மரங்கள் என்று வளர்த்துக்கொண்டு வந்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அங்கே பல அடுக்குகள் கொண்ட தோப்பு உருவாகும். வேர் பின்னிய மண் மழைக்கு எளிதில் கரையாது. ஆனால் 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களைப் புதைத்ததைப் போன்ற ஆழமான மண்சரிவை மர வேர்கள் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆபத்தான சரிவில் வாழ்பவர்களுக்கு வேண்டியது வேறு இடத்தில் வீடு.

மரங்களின் வகையும் முக்கியம். தேயிலைத் தோட்டங்களில் சவுக்கு என்று அழைக்கப்படும் கிரெவிலியாவை வரிசையாக நட்டு அதன் கீழே கோப்பி வைத்தால் நிழல் கிடைக்கும், பலகையும் கிடைக்கும், ஆனால் பறவைக்கும் பூச்சிக்கும் அங்கே அதிகம் கிடைக்காது. பறவைகளுக்கு உகந்த கோப்பி என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் கொடுக்கும் சான்றிதழுக்குக் குறைந்தது 40 வீத நிழலும், பத்துக்கு மேற்பட்ட மர இனங்களும், சுமார் 12 மீற்றர் உயரமுள்ள மேலடுக்கும், இரசாயனமற்ற சாகுபடியும் வேண்டும். கண்டி வீட்டுத் தோட்டங்களில் பல இதில் பெரும்பகுதியை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நிறைவேற்றுகின்றன. சான்றிதழுக்கான செலவையும் பதிவேடுகளையும் தனிக் குடும்பம் தாங்க முடியாது என்பதால் அவற்றுக்கு அந்தப் பெயர் மட்டும் கிடைப்பதில்லை. விலங்குகளின் பக்கமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரக்கறிப் பாத்திகளைப் பன்றியிடமிருந்து காக்க வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை சிக்குவது மலையகத்தில் தொடர்ந்து நடக்கிறது. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் அரிய கருஞ்சிறுத்தை அப்படித்தான் சிக்கி இறந்தது. பன்றி கோப்பியைக் கிழங்கு வகைகளைப் போல் கிளறுவதில்லை என்பதால் கோப்பித் தோட்டத்தில் சுருக்கு வைக்கும் தேவை குறைவு. குரங்குக்கு மட்டும் இன்றுவரை நான் நல்ல மருந்து எதையும் காணவில்லை.

குடும்பமும் பிழைக்குமா என்ற கேள்விக்கு, அதாவது வருமானத்துக்கு வருகிறேன். கோப்பி மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மத்திய உயரங்களில் மிளகு விளையும் இடமென்றால் மிளகே முதன்மைப் பயிராக இருக்கட்டும், கோப்பி அதற்குத் துணையாக நிற்கட்டும் என்பது என் கருத்து. சுமார் 3,000 அடிக்கு மேலே, மிளகு சோம்பத் தொடங்கும் இடத்தில், அரபிக்கா வகைக் கோப்பி தன் மதிப்பைக் காட்டும். அதிலும் பழமாக விற்பவருக்கும் பதப்படுத்தி விற்பவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஐந்தாறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டைதான் வரும். எங்கள் பகுதியில் பலர் திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து பச்சையும் சிவப்புமாக ஒரேயடியாக உருவி, முற்றத்தில் தோலோடு உலர்த்தி, கடைக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது சுக்கும் மல்லியும் சேர்த்துக் குடிக்கும் தூளுக்குப் போதும், நல்ல விலைக்குப் போதாது. நல்ல விலை வேண்டுமென்றால் சிவந்த பழத்தை மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும், அன்றே தோல் நீக்க வேண்டும், ஓரிரவோ சற்றுக் கூடுதலாகவோ புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும், பிறகு ஈரப்பதன் 11 அல்லது 12 வீதத்துக்கு இறங்கும்வரை நிலத்தில் படாமல் உலர்த்த வேண்டும். பதுளைப் பக்கத்தின் சங்கடம் என்னவென்றால், பழம் அதிகம் சிவக்கும் ஆண்டிறுதி மாதங்களில்தான் வடகீழ்ப் பருவமழையும் வலுக்கிறது. பிளாஸ்டிக் கூரை போட்ட உலர்த்தும் பந்தல் இல்லாமல் இங்கே தரமான கோப்பி செய்வது ஏறக்குறைய இயலாது. அதைத் தனித்தனியே கட்டுவதைவிடப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பந்தலும் ஒரு தோல் நீக்கும் இயந்திரமும் வைத்திருப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், பணம் வரும் காலம். தேயிலைக் கொழுந்துக்கு மாதந்தோறும் காசு வரும். கோப்பிக்கு நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து, அதுவும் ஆண்டுக்கு ஒரு பருவத்தில்தான். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிய நம் மக்கள், தேயிலை வந்தபின் லயன்களில் நிரந்தரமாகத் தங்க நேர்ந்ததற்கும் இந்த வேறுபாடே காரணம். கடைக் கணக்கில் அரிசி வாங்கும் வீட்டுக்கு, தையில் வரும் பணம் புரட்டாசிக் கடனை அடைக்காது. வாழையும் மிளகும் கமுகும் இடைவெளிகளை நிரப்பினால்தான் கோப்பி தாக்குப்பிடிக்கும். அத்துடன் பறிப்பு வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகிறது. காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் பெண்ணிடம் ஞாயிற்றுக்கிழமையையும் கோப்பிக்குக் கொடு என்று சொல்வதை வாழ்வாதாரத் திட்டம் என்று அழைப்பதற்கு முன், வீட்டு ஆண்களின் ஞாயிற்றுக்கிழமை என்னவாகிறது என்றும் கேட்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நிலம். 1948இல் குடியுரிமையை இழந்து, 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டு, பிறகு படிப்படியாகக் குடியுரிமை திரும்பப் பெற்ற சமூகம் இது. ஆயினும் தோட்டத்தில் வாழும் பெரும்பாலானோருக்கு வீடு நிற்கும் மண்கூடச் சொந்தமில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று, தொழிலாளி இருந்த இடத்திலேயே இருந்தார். புதிய வீட்டுத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட 7 பேர்ச்சஸ் என்பது ஒரு ஏக்கரின் 160 பங்கில் ஏழு பங்கு. வீடும் கழிவறையும் பாதையும் போக மிஞ்சும் இடத்தில் கறிவேப்பிலையும் நாலைந்து கோப்பிக் கன்றும் வைக்கலாம். சில தோட்டங்களில் தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், அப்படிப் பெற்ற மலையின் ஓரத்தில் கோப்பியும் பலாவும் நட்டவர்களிடம், நிலையான மரம் எதையும் நடக்கூடாது என்று நிர்வாகம் சொல்லிப் பிடுங்க வைத்தது. மரம் நட்டவர் நாளை நிலத்தைக் கேட்பார் என்ற அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய நிலத்தில் மூன்று மாதத்தில் காசு தரும் லீக்ஸையும் கோவாவையும்தான் எந்தப் புத்திசாலியும் போடுவார். அவற்றுக்கு நிழல் ஆகாது, மருந்து அதிகம் வேண்டும், மண்ணும் நிற்காது. கைவிடப்பட்ட தேயிலை நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்காவது, மரங்களின் பயனையும் எழுத்தில் சேர்த்துக் குடும்பங்களுக்குக் கொடுக்காமல், நிழல் கோப்பியை அவர்களுக்குப் பரிந்துரைப்பதில் பொருளில்லை.

உங்களிடம் சொந்தக் காணி இருந்தால் இந்த ஆண்டே தொடங்கலாம். கோப்பி, ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் கீழ் வரும் பயிர். மாவட்ட அலுவலகத்தில் கன்று பற்றியும் உதவித் திட்டங்கள் பற்றியும் நேரில் கேளுங்கள். துருவைத் தாங்கும் கட்டிமோர் வகையை வாங்குங்கள். அரபிக்காவும் ரொபஸ்டாவும் தீமோர் தீவில் தாமாகக் கலந்து உண்டான கலப்பினத்திலிருந்து வந்த வகை அது. பலாவை எல்லையோரத்தில் நடும்போது, பின்னர் அதை வெட்ட அனுமதி பெற வேண்டும் என்பதை நினைவில் வைத்து இடம் தெரிவு செய்யுங்கள். முதல் ஆண்டில் நிழல் மரங்களையும் வாழையையும் மட்டும் ஊன்றி, கோப்பியை அடுத்த மழைக்கு வைத்தால் கன்று வீணாவது குறையும். தோல் நீக்கும் இயந்திரம் முதல் அறுவடை வரை தேவைப்படாது. அதற்குள் பக்கத்துக் காணிக்காரர்கள் யார் யார் கோப்பி வைக்கத் தயார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.