பவுண்டரி லேயர், அதாவது காத்து ஒரு பரப்பு மேல போறப்போ அந்தப் பரப்ப ஒட்டி வேகம் குறைஞ்சு இருக்குற பகுதி, சில மில்லிமீட்டர் தானே, அதுக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம் குடுக்குறாங்க?

முதல்ல அது ஏதோ தகட்டு மேல தனியா படிஞ்சு கிடக்குற அடுக்குன்னு நினைக்காதீங்க, புக்குல போடுற புள்ளிக்கோடு தான் பாதி பேர குழப்பி விடுது. அந்தக் கோட்டத் தாண்டி வெளிக்காத்து தாராளமா உள்ள வரும். பரப்ப ஒட்டி வேகம் ஜீரோ, தள்ளிப் போகப் போக கூடிக்கிட்டே போய் வெளி வேகத்துல 99% தொடுற எடத்த எல்லைன்னு நாமளா வெச்சுக்கிட்டோம், அவ்ளோதான்.

எவ்ளோ மெல்லிசுன்னா, தட்டையான தகட்டு மேல காத்து செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வைங்க, முன் விளிம்புல இருந்து அரை மீட்டர் தள்ளி ரெனால்ட்ஸ் நம்பர் (காத்தோட வேக உந்துதல் அதோட பிசுபிசுப்ப விட எவ்ளோ பெருசுன்னு காட்டுற எண்) சுமார் 3.3 லட்சம். பிளாசியஸ்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி 1908ல குடுத்த கணக்குப்படி தூரத்த ரெனால்ட்ஸ் நம்பரோட வர்க்கமூலத்தால வகுத்து 5ஆல பெருக்குனா 4 மில்லிமீட்டர் சொச்சம் வரும்.

மெல்லிசா இருக்குறதால தான் அது முக்கியமே. ஜீரோல இருந்து 10க்கு அந்த 4 மில்லிமீட்டருக்குள்ள ஏறணும்னா வேகச் சரிவு (பரப்புல இருந்து தள்ளிப் போகப் போக வேகம் எவ்ளோ சீக்கிரம் கூடுதுங்கறது) செங்குத்தா இருக்கும், காத்தோட விஸ்காசிட்டி (பிசுபிசுப்பு) ரொம்பக் கம்மின்னாலும் அந்த சரிவால பெருக்குறப்போ உராய்வு வந்துடுது. விஸ்காசிட்டிய மொத்தமா தூக்கிட்டா இழுவை ஜீரோன்னு வரும், 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு கணித மேதை டாலம்பெர்ட் காலத்துல இருந்து இருந்த குழப்பம் இது, 1904ல ஹைடல்பெர்க் மாநாட்டுல ஜெர்மன் விஞ்ஞானி பிராண்டில் இந்த லேயர சொன்னப்புறம் தான் வழி பிறந்துச்சு.

ஆனா என்னக் கேட்டா உராய்வ விட முக்கியம் செபரேஷன், அதாவது ஓட்டம் பரப்ப விட்டுப் பிரியுறது தான். ஒரு உருண்டையோட பின்பக்கம் போகப் போக பிரஷர் கூடும், வெளில வேகமா போற காத்து அத எதிர்த்து போயிடும், பரப்ப ஒட்டி ஏற்கனவே களைச்சு வர்ற காத்தால முடியாது, நின்னு திரும்பிடும், மொத்த ஓட்டமும் பரப்ப விட்டு பிச்சுக்கிட்டு போயி பின்னாடி பெரிய சுழல் பகுதி உண்டாகும். விமான இறக்கை ஸ்டால் ஆகுறதும் (தூக்கு விசை திடீர்னு குறையுறதும்) இதே கதை தான். எக்ஸாம்ல கேட்டா, பரப்புல வேகச் சரிவு ஜீரோ ஆகுற எடம் தான் செபரேஷன் பாயிண்ட்னு எழுதுங்க.

லேயர் டர்புலன்ட் ஆனா, அதாவது ஓட்டம் ஒழுங்கில்லாம கொந்தளிச்சு போனா, வெளில இருக்குற வேகமான காத்து கலந்து கீழ வரும், அதனால ரொம்ப தூரம் ஒட்டிக்கிட்டு போகும். கோல்ஃப் பந்துல குழி போடுறது இதுக்குத் தான், உராய்வு கொஞ்சம் கூடினாலும் பின்னாடி சுழல் சுருங்கிடுறதால மொத்த இழுவை நல்லாவே குறையுது. தட்டையான தகட்டுல இந்த வேலைய பண்ணிடாதீங்க, அங்க செபரேஷனே கிடையாது, உராய்வு ஏறுறது தான் மிச்சம்.